தும்பிக்கை வைத்த லை

"லோகோ மட்டும் போதும் பாப்பா, வேற ஒண்ணும் வேண்டாம்" என்றுதான் அண்ணாச்சி ஆரம்பித்தார். ஆவணி முதல் வாரம். கோவில்பட்டியில் அவருடைய கடலை மிட்டாய்க் கடை பத்தடி அகலம், பதினாறடி நீளம். பின்னால் கதவைத் திறந்தால் மிட்டாய் போடும் கொட்டகை. அப்பாவும் அவரை அண்ணாச்சி என்றுதான் கூப்பிடுவார், நானும் அப்படியே. எங்கள் பக்கம் கடைக்காரர்கள் எல்லா வயதினருக்கும் அண்ணாச்சிதான்.

நான் படித்தது உள்அலங்காரம். சோறு போடுவது பாதி நாள் கேமரா, மீதி நாள் கடைகளுக்குப் பெயர்ப் பலகையும் லேபிளும் வரைவது. கல்யாண வீடுகளில் "என்ன வேலை பாக்க?" என்று கேட்டால் ஒரே வரியில் சொல்ல முடியாது. இந்த ஊரிலேயே எனக்கு முன்னால் ஒருவர் இப்படி இருந்திருக்கிறார் என்பதுதான் ஆறுதல். நாடகக் கம்பெனிக்குத் திரைச்சீலை வரைகிறவராக வந்து, கம்பெனி கலைந்ததும் கோவில்பட்டியிலேயே தங்கிவிட்ட ஓவியர் கொண்டையராஜு. ஸ்டூடியோ வைத்தார், சாமிப் படங்கள் வரைந்தார், அவை சிவகாசியில் அச்சாகிக் காலண்டராக வீடு வீடாகப் போயின. திரை, போட்டோ, காலண்டர் என்று மூன்றும் பார்த்த மனிதரிடம் யாரும் "என்ன வேலை?" என்று கேட்டிருக்க மாட்டார்கள் என்று நினைத்துக்கொள்வேன்.

சரி, லோகோவுக்கு வருகிறேன். முதல் தப்பு அங்கேதான்.

வீட்டில் உட்கார்ந்து மூன்று நாளில் ஒன்று வரைந்தேன். இரண்டு நிலக்கடலைப் பருப்பு சேர்ந்து இதய வடிவம், கீழே வெல்லப் பழுப்பில் பெயர். கம்ப்யூட்டர் திரையில் அள்ளிச் சாப்பிடலாம் போல இருந்தது. அண்ணாச்சிக்கு வாட்ஸ்அப்பில் அனுப்பினேன். "நல்லாருக்கு" என்று பதில் வந்தது. எங்கள் ஊரில் அந்த ஒற்றைச் சொல்லுக்கு என்ன அர்த்தம் என்று எல்லாருக்கும் தெரியும். மறுநாள் பெரிய தாளில் பிரிண்ட் எடுத்துக்கொண்டு கடைக்குப் போய்ச் சுவரில் பிடித்துப் பார்த்தேன். பழுப்பு செத்துப் போயிருந்தது. பக்கத்தில் கண்ணாடி பாட்டிலில் இருந்த மிட்டாயைப் பார்த்தேன், அதுவும் சாணி உருண்டை நிறத்தில்தான் இருந்தது. அதே மிட்டாயை ஒன்று எடுத்து வாசலுக்கு வந்து வெயிலில் பிடித்தால், வெல்லத்தின் ஓரம் தேன் மாதிரி மின்னுகிறது.

கடைக்குள் இரண்டு ட்யூப். இருபது வாட் எல்.இ.டி, பெட்டியில் 6500 கெல்வின் என்று போட்டிருக்கும் வெள்ளை வெளிச்சம். சுவர் முழுக்கப் பிஸ்தா பச்சை டிஸ்டெம்பர். வெளிச்சம் நீலம் கலந்த வெள்ளை, சுவரில் பட்டுத் திரும்பி வருவது பச்சை, நடுவில் மாட்டிக்கொண்டது பழுப்பு நிறச் சரக்கு. சாம்பல் அட்டை ஒன்றை மிட்டாய்க்குப் பக்கத்தில் வைத்துப் படமெடுத்துப் பார்த்தேன். கம்ப்யூட்டரில் சாம்பலைச் சாம்பலாக்கிய பிறகும் மிட்டாயின் சுவர்ப் பக்கம் பச்சையாகவே நின்றது. விளக்கின் நிறத்தை மென்பொருளில் ஓரளவு சரிசெய்யலாம். சுவரிலிருந்து ஒரு பக்கம் மட்டும் வந்து ஒட்டும் நிறத்தை அப்படிச் சுலபமாகக் கழுவ முடியாது.

அண்ணாச்சியிடம் போய், "லோகோவை இப்போதைக்கு ஓரம் வையுங்கள், முதலில் லைட்டை மாற்றுவோம்" என்றேன். அவர் முகத்தில் தெரிந்ததை எழுதினால் நன்றாக இருக்காது.

வெளிச்சத்தைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகவே எழுதுகிறேன். நம் ஊர்க் கடைகளில் மிக மலிவாகச் சரிசெய்யக்கூடியதும் யாரும் கண்டுகொள்ளாததும் இதுதான். கெல்வின் எண் குறைந்தால் மஞ்சள், கூடினால் நீலம். 2700, 3000 என்றால் குண்டு பல்பின் சூடான நிறம். 4000 நடுவாந்திரம். 6500 மேகம் போட்ட பகல். இது எலக்ட்ரிக்கல் கடையில் எல்லாருக்கும் தெரியும். ஆனால் சி.ஆர்.ஐ என்ற எண்ணை நாம் கேட்டால்தான் எடுத்துக் காட்டுவார்கள். ஒரு விளக்கின் கீழ் நிறங்கள் எவ்வளவு உண்மையாகத் தெரியும் என்பதற்கான மதிப்பு அது, உச்சம் 100. சாதாரண பல்புகள் 80 பக்கம் நிற்கும். வெல்லம், வறுத்த கடலை, தோல், மரம் இவற்றுக்கெல்லாம் சிவப்பு நன்றாக வர வேண்டும். 80இல் முதலில் அடிபடுவது அந்தச் சிவப்புதான். 90க்கு மேல் வேண்டும் என்று சொல்லிவைத்து வாங்கினேன், பல்புக்குக் கொஞ்சம் கூடுதல் காசு.

எலக்ட்ரீஷியன் தம்பி, "அக்கா, மஞ்சள் லைட்டு போட்டா கடை பூட்டுன மாதிரி இருக்கும்" என்றான். அண்ணாச்சிக்கும் அதே பயம். பயம் நியாயமானதுதான். மங்கலான கடையை யாரும் கடையாக மதிப்பதில்லை. ஆனால் கடை மங்கலாகத் தெரிவதற்கு மஞ்சள் நிறம் காரணமில்லை, சுவர் இருட்டாக இருப்பதுதான் காரணம். வெளிச்சம் எல்லாம் தரையில் விழுந்து, எதிர்ச்சுவர் கறுத்துக் கிடந்தால் எத்தனை வாட் போட்டாலும் குகை மாதிரிதான் இருக்கும். அதனால் ஏழு வாட் ஸ்பாட் லைட் ஆறு வாங்கி, நான்கைச் சுவரைப் பார்த்துச் சாய்த்தேன், இரண்டை மட்டும் மேசைக்கு. எல்லாம் ஒரே 3000. ஒன்று வெள்ளை ஒன்று மஞ்சள் என்று கலந்து போட்டால் கண் மன்னித்துவிடும், கேமரா மன்னிக்காது.

சுவரைப் பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. பச்சை டிஸ்டெம்பரைச் சுரண்டி எடுத்துவிட்டுச் சுண்ணாம்பு அடித்தோம், துளி மஞ்சள் கலந்து. சுரண்டாமல் மேலேயே அடித்தால் பொருக்குப் பொருக்காக உரியும். கீழே மூன்றடிக்குக் காவி. மொத்தம் ஐந்து நாள், தூசியில் இருமியது தவிர வேறு விசேஷம் இல்லை.

விசேஷம் வெளியே இருந்தது. கடை முகப்பில் ஃப்ளெக்ஸ் பேனர், அதில் தாஜ்மகால் படத்தின் ஓரத்தில் ஒரு கடலைச் செடி. ஏன் தாஜ்மகால் என்று நான் கேட்கவில்லை. அதன் இரும்புச் சட்டத்தைக் கழற்றியபோது பின்னால் ஒரு தகரப் பலகை இருந்தது. அண்ணாச்சிக்கே மறந்துபோயிருந்தது. "அட, அப்பா எழுதிப் போட்டதுல்ல இது. எழுபத்தொண்ணு." எட்டடி நீளம், இரண்டரை அடி உயரம். மஞ்சள் பின்னணி, சிவப்பு எழுத்து, எழுத்துக்கு வலது கீழ்ப்புறம் கறுப்பு நிழல். மேலே பிள்ளையார் சுழி, அடுத்து அவர் அப்பாவின் பெயர், மூன்றாவது வரியில் "கடலை மிட்டாய் விற்பனை நிலையம்".

சோப்புத் தண்ணீரில் பனியனை நனைத்து ஒற்றி ஒற்றித் துடைத்தேன். தின்னர் போட்டிருந்தால் அழுக்கோடு எழுத்தும் வந்திருக்கும். மூன்றாவது வரி தெளியத் தெளிய எனக்குக் கை நடுங்கியது. கடலையில் வரும் லை நாம் இன்று எழுதுகிற லை இல்லை. ல என்ற எழுத்தின் தலையிலிருந்து யானைத் தும்பிக்கை மாதிரி ஒரு சுழி எழுந்து வளைந்து இறங்குகிறது. விற்பனையின் னைக்கும் தும்பிக்கை. நிலையத்துக்கு இன்னொன்று. ஒரே வரியில் மூன்று யானைகள்.

பெரியார் 1935இலேயே குடிஅரசு பத்திரிகையில் எழுத்துச் சீர்திருத்தத்தைத் தொடங்கிவிட்டார். தமிழ்நாடு அரசு அதை ஏற்று ஆணை போட்டது 1978இல். ணை, லை, ளை, னை ஆகியவற்றின் தும்பிக்கை போனது அப்போதுதான். ணா, றா, னாவின் பழைய சுழிகளும் சேர்ந்தே போயின. சீர்திருத்தம் சரிதான், எனக்கு அதில் சண்டை இல்லை. தட்டச்சுக்கும் அச்சுக்கோப்புக்கும் அந்தச் சுழிகள் சுமை. ஆனால் கையால் எழுதுகிறவனுக்கு அந்தத் தும்பிக்கை ஒரு விருந்து. ஏழெழுத்துக்கு நடுவில் ஒரே ஒரு இடத்தில் தூரிகை துள்ளி மேலே போகலாம் என்று இடம் கொடுக்கிற விஷயம் அது.

என் இரண்டு பருப்பு இதயத்தை அன்றைக்கே தூக்கிப் போட்டேன்.

படியெடுப்பதை இரண்டு விதமாகச் செய்தேன். பலகையைச் சுவரில் நேராகச் சாய்த்து, ட்ரைபாடில் கேமராவை அதன் நடு உயரத்துக்கு வைத்து, 50 மி.மீ. லென்ஸில் எடுத்த படம் ஒன்று. ஓரத்தில் இரும்பு ஸ்கேல் வைத்துக்கொண்டேன், அளவுக்காக. அகலமான லென்ஸ் என்றால் ஓரத்து எழுத்துகள் இழுபடும், அதனால் தூரம் போய் எடுத்தேன். அடுத்து பட்டர் பேப்பரை நான்கு தாள் ஒட்டி, 6பி பென்சிலால் நேரடியாகப் பலகை மேல் வைத்து வரைந்தது. போட்டோ போதாதா என்றால் போதாது. தாளில் வரையும்போதுதான் தெரிந்தது, மூன்று தும்பிக்கையும் ஒரே மாதிரி இல்லை. கடலையில் இருப்பது நீளம், பக்கத்தில் இடைவெளி இருந்திருக்கிறது. நிலையத்தில் இருப்பது நெருக்கடியில் சுருண்டிருக்கிறது. கம்ப்யூட்டரில் ஒன்றை வரைந்து மூன்று இடத்தில் ஒட்டியிருந்தால் இது போயிருக்கும்.

யுனிகோடில் இந்தப் பழைய லைக்குத் தனிக் குறியீடு கிடையாது. எழுத்து அதேதான், உருவம்தான் வேறு. அதனால் சாதாரண எழுத்துருவில் தட்டி வரவழைக்க முடியாது, வடிவத்தை வரைந்துதான் ஆக வேண்டும். வரைந்து முடித்து, "லை மட்டும் தனியாகச் சின்னமாக வைக்கலாம்" என்று அண்ணாச்சியிடம் காட்டினேன்.

"லைன்னு மட்டும் போட்டா எவன் பாப்பா வாங்குவான்?"

அவருடைய பேத்தி ஐந்தாம் வகுப்பு. பக்கத்தில் நின்று பார்த்துவிட்டு, "இது என்ன எழுத்து அக்கா? இங்கிலீஷா?" என்றாள். அதோடு அந்த யோசனையும் முடிந்தது. கடைசியில் ஒத்துக்கொண்டது இதுதான்: பலகையிலும் பெட்டியின் முன்பக்கத்திலும் "கடலை மிட்டாய்" என்ற முழுச் சொல் தும்பிக்கையோடு. பொருளின் பெயர் தெளிவாக இருக்க வேண்டிய விவர வரிகளில் இன்றைய லை.

புதுப் பலகையை எழுத ஆள் தேடியது தனிக்கதை. ஃப்ளெக்ஸ் வந்த பிறகு கையால் எழுதுகிறவர்கள் பெரும்பாலும் வேறு வேலைக்குப் போய்விட்டார்கள். சுவர் விளம்பரம் எழுதிக்கொண்டிருந்த ஒரு தாத்தா, எழுபதைத் தாண்டியவர், எட்டயபுரம் சாலைப் பக்கம் இருப்பதாகச் சொன்னார்கள். போனேன். என் கம்ப்யூட்டர் படத்தைப் பார்த்து, "எழுதத் தெரியும் தாயி, இந்தத் தாள் வேண்டாம். பழைய பலகையக் காட்டு" என்றார்.

பழையதை அழிக்க எனக்கு மனம் வரவில்லை. அதைக் கடைக்கு உள்ளே எதிர்ச்சுவரில் மாட்டிவிட்டு, அதே அளவில் புதுத் தகரம் வாங்கினோம். உப்புத்தாள் போட்டுத் தேய்த்து, ரெட் ஆக்சைடு பிரைமர் ஒரு கை, மஞ்சள் எனாமல் இரண்டு கை. ஒவ்வொரு கைக்கும் நடுவில் ஒரு நாள் காய்ச்சல். அப்புறம் தாத்தா வந்தார். காலை ஆறரைக்கு வந்து ஒன்பதரைக்குக் கிளம்பிவிடுவார். ஏன் என்றால், வெயில் ஏறினால் தகரம் சுடும், சுடும் தகரத்தில் பெயிண்ட் இழுபடாமல் தூரிகைத் தடம் விழும். மூன்று காலைகள்.

சுண்ணாம்புக் கயிற்றைச் சுண்டி மேல்கோடு, கீழ்கோடு போட்டார். சாக்பீஸில் எழுத்துகளின் எலும்பை மட்டும் வரைந்தார். இடது கையில் துணி சுற்றிய ஒரு குச்சி, அதன் மேல் வலது மணிக்கட்டைச் சாய்த்துக்கொண்டார். பட்டைத் தூரிகையில் சிவப்பை எடுத்து டப்பா விளிம்பில் இரு பக்கமும் தடவி, ககரத்தின் தலைக்கோட்டை ஒரே மூச்சில் இழுத்தார். லைக்கு வந்தபோது நிறுத்தி, பெயிண்டில் இரண்டு சொட்டு டர்பன்டைன் விட்டுக் கலக்கினார். "வளைவுக்குக் கொஞ்சம் தண்ணியா இருக்கணும், இல்லன்னா முக்கும்." தூரிகையை விரல்களுக்கு நடுவில் உருட்டிக்கொண்டே மேலே ஏற்றி, வளைத்து, இறக்கி, கடைசியில் தூரிகையின் மூலையை மட்டும் ஊன்றி எடுத்தார். நுனி கூர்மையாக நின்றது. நான் கேமராவை எடுக்க மறந்துவிட்டேன். இரண்டாவது தும்பிக்கையை மட்டும் படமெடுத்தேன்.

பெயர்ப் பலகையில் தமிழ் முதலிலும் பெரிதாகவும் இருக்க வேண்டும் என்பது நம் மாநிலத்தில் விதி. கீழே சின்னதாக ஆங்கிலம் வேண்டுமா என்று தாத்தா கேட்டார். அண்ணாச்சி, "இங்க கடலை மிட்டாய் வாங்க வர்றவனுக்கு இங்கிலீஷ் எதுக்கு" என்று முடித்துவிட்டார்.

இதற்கு நடுவில் போட்டோ வேலை. கடை உள்ளே எடுப்பது சுலபம்: ட்ரைபாட், நாலடி உயரம், 24 மி.மீ. லென்ஸ், சுவர்க்கோடுகள் செங்குத்தாக நிற்கும்படி கேமராவை மேலும் கீழும் சாய்க்காமல் வைப்பது. கொட்டகைதான் கஷ்டம்.

கடலையை வறுத்து, சுளகில் புடைத்துத் தோல் நீக்கி, இரண்டாக உடைத்து வைத்திருப்பார்கள். கரிசல் காட்டுக் கடலை. வெல்லப் பாகு கொதிக்கும்போது கரண்டி நுனியில் ஒரு சொட்டைத் தண்ணீரில் விட்டு எடுத்துப் பாத்திரத்தின் ஓரத்தில் தட்டுவார்கள். டக் என்று கல் மாதிரி சத்தம் வந்தால் பதம். உடனே கடலையைக் கொட்டிக் கிளறி, பலகையில் சரித்து, உருளையை ஓட்டி, சூடு ஆறுமுன் வெட்டிவிட வேண்டும். பாகு சரிந்து விழும்போது இருக்கும் பளபளப்பு ஒரு நிமிஷம்கூட நிற்காது. அதைப் பிடிக்க ஐந்நூறில் ஒரு வினாடி வேகம் வைத்தேன். படம் முழுக்கக் குறுக்கே இருட்டுப் பட்டைகள்.

கேமரா கெட்டுவிட்டதோ என்று பயந்துபோய் நான்கு முறை எடுத்தேன். கொட்டகையின் மலிவு எல்.இ.டி தான் காரணம். நம் மின்சாரம் வினாடிக்கு ஐம்பது சுற்று. அதனால் தரம் குறைந்த எல்.இ.டி விளக்குகள் வினாடிக்கு நூறு முறை மங்கி மங்கி எரியும். கண்ணுக்குத் தெரியாது. கேமரா வேகம் கூடும்போது ஒவ்வொரு படமும் அந்த ஏற்ற இறக்கத்தின் ஒரு துண்டைப் பிடித்துவிடும். ஐம்பதில் ஒன்று, நூறில் ஒன்று என்று வைத்தால் பட்டை மறையும், ஆனால் பாகு கலங்கிவிடும். விளக்கையே அணைத்துவிட்டேன். கொட்டகைக்குக் கிழக்குப் பார்த்த கதவு. காலை ஏழிலிருந்து எட்டரை வரை அதில் வரும் வெளிச்சத்தை வைத்து, பாகுக்குப் பின்பக்கமிருந்து வெயில் சரிவாக வரும்படி பலகையைத் திருப்பிப் போடச் சொன்னேன். எதிரே ஒரு தெர்மாகோல் அட்டை. வேலை செய்கிற அக்காமார்கள், "உன் ஒரு படத்துக்கு எங்க இடுப்பு ஒடியணுமா?" என்று சிரித்துக்கொண்டே திருப்பினார்கள். அந்தப் படம்தான் இன்றும் என் கணக்கில் முதலில் இருப்பது.

பெட்டிக்கு அந்தப் படத்தைத்தான் போட நினைத்தேன். சாத்தூர் வழியாகச் சிவகாசி போய்ச் சோதனைத் தாள் எடுத்தால், பாகு செங்கல் நிறத்தில் வந்தது. தவறு அச்சகத்துடையது இல்லை. திரையின் ஒளியில் மின்னுகிற பழுப்பை நாலு மையில் அப்படியே கொண்டுவர முடியாது என்பதை நான் யோசித்திருக்க வேண்டும். அச்சகத்துக்காரர் தாளை எடுத்துக்கொண்டு வாசலுக்குப் போய்ப் பகல் வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார், நான் கடையில் செய்ததைப் போலவே. "படத்த எடுத்துட்டு ரெண்டே கலரு போடுங்க, நச்சுன்னு இருக்கும்" என்றார். தீப்பெட்டி லேபிள் அடித்தே வளர்ந்த ஊர், சின்ன அட்டையில் எது கண்ணில் குத்தும் என்று அவர்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. பலகையின் மஞ்சள் பின்னணி, அதன் மேல் அரக்குச் சிவப்பில் எழுத்து, ஒரு பக்கம் அட்டையை வெட்டி ஜன்னல். உள்ளே உறையில் இருக்கும் மிட்டாய் அதன் வழியாகத் தெரியும். படம் எதற்கு, சரக்கே இருக்கும்போது?

பின்பக்க விவரங்கள் போரடிக்கும், ஆனால் விட்டால் மாட்டுவோம். உணவு உரிமத்தின் 14 இலக்க எண், சைவம் என்பதற்கான பச்சைக் கட்டத்துக்குள் பச்சை வட்டம், நிகர எடை, தயாரித்த தேதி, விலை. எடை, விலை எழுத்தின் உயரத்துக்குக்கூட விதி உண்டு. கோவில்பட்டி கடலை மிட்டாய்க்கு 2020இல் புவிசார் குறியீடு கிடைத்தது அல்லவா, அந்த முத்திரையையும் போடச் சொன்னார் அண்ணாச்சி. ஊருக்குக் கிடைத்தது என்பதற்காக நாமாகப் போட்டுக்கொள்ள முடியாது, அங்கீகரிக்கப்பட்ட பயனாளராகத் தனியாகப் பதிவு செய்ய வேண்டும் என்றேன். விண்ணப்பிக்கப் போவதாகச் சொன்னார். அதற்கு ஒரு சதுர இடம் வெறுமையாக விட்டு வைத்திருக்கிறேன்.

இனி சொல்ல வேண்டியது என்னுடைய பெரிய முட்டாள்தனம்.

பழைய கடையில் கண்ணாடி பாட்டில்கள் பதினெட்டு, தகர மூடியோடு வரிசையாக இருந்தன. எனக்கு அவை இடத்தை அடைப்பதாகத் தோன்றின. படத்தில் கண்ணாடியில் விளக்கு பிரதிபலித்துத் தொல்லை வேறு. எல்லாவற்றையும் கொட்டகைக்கு அனுப்பிவிட்டு, ஆசாரியிடம் சொல்லித் தேக்கில் தாழ்வான தட்டுகள் செய்து, மிட்டாயை வெறுமனே அடுக்கி, மேலே இரண்டு ஸ்பாட்டையும் அடித்தேன். நகைக்கடை மாதிரி இருந்தது. அண்ணாச்சி தலையைச் சொறிந்தார், ஒன்றும் சொல்லவில்லை. படங்கள் அற்புதமாக வந்தன.

ஐப்பசி பிறந்து நாலாம் நாள் மழை. தீபாவளிக்குப் பத்து நாள்கூட இல்லை. மறுநாள் காலை கடைக்குப் போனேன். அண்ணாச்சி தட்டிலிருந்து ஒரு துண்டு எடுத்து என் உள்ளங்கையில் வைத்து, "கையத் திருப்பு பாப்பா" என்றார். திருப்பினேன். மிட்டாய் விழவில்லை.

வெல்லம் காற்றிலிருக்கும் ஈரத்தை இழுக்கும். இது எல்லா வீட்டிலும் தெரியும், என் அம்மாவும் மழைக்காலத்தில் வெல்லத்தை டப்பாவில் அடைத்துத்தான் வைப்பாள். நான்தான் அதைத் தட்டில் பரப்பி வைத்தவள். நான்கு தட்டுச் சரக்கு பிசுபிசுத்துப் போனது, ஆறு கிலோ. என் கணக்கில் கழித்துக்கொள்ளுங்கள் என்றேன். "அக்காமாரு வீட்டுக்குக் கொண்டு போவாக, விடு" என்றார். திட்டியிருந்தால் தேவலாமாக இருந்திருக்கும்.

பாட்டில்கள் அன்று மதியமே திரும்பி வந்தன. கழுவித் துடைத்து, மூடியின் உள்பக்கம் வெயிலில் காயவைத்து, ஆசாரி செய்த அதே தேக்குத் தட்டுகளைப் படிபோல் இரண்டு அடுக்காகத் திருப்பி மாட்டி, அவற்றின் மேல் நிறுத்தினோம். பிரதிபலிப்புத் தொல்லைக்கு வேறு வழி பார்த்தேன். முன்னாலிருந்து அடித்த இரண்டு ஸ்பாட்டையும் சுவர்ப் பக்கம் திருப்பிவிட்டு, பாட்டில்களுக்குப் பின்னால் அலுமினியப் பட்டிக்குள் 3000 கெல்வின் எல்.இ.டி நாடாவை ஓட்டினேன். வெளிச்சம் பின்னாலிருந்து வரும்போது கண்ணாடி மறைந்துவிடுகிறது, வெல்லத்தின் ஓரம் மட்டும் எரிகிறது. அன்றைக்கு வாசல் வெயிலில் ஒரு துண்டைப் பிடித்துப் பார்த்தபோது இருந்த நிறம். இதை முதலிலேயே செய்திருக்கலாம், பாட்டிலைக் கையிலேயே வைத்துக்கொண்டு இரண்டு மாதம் சுற்றியிருக்கிறேன்.

செலவு கேட்பார்கள் என்பதால்: மின்வேலையும் விளக்குகளும் 21,000, சுவர் 14,000, ஆசாரி 26,000, தகரம் பெயிண்டோடு தாத்தாவுக்கு 11,000, பெட்டி அச்சு தனி. தாத்தா கேட்டது எட்டாயிரம்தான். கூலி என் பில்லில் இருந்ததால் அது எனக்குத் தெரியும். கூட்டிக் கொடுத்தது அண்ணாச்சி, மூன்று தும்பிக்கைக்கும் ஆயிரம் ஆயிரம் என்று கணக்குச் சொன்னார்.

போன வாரம், தை பிறந்த பிறகு, போன் வந்தது. "பாப்பா, ரெண்டு நாளா மிட்டாய் வெளுத்த மாதிரி இருக்கு. சரக்கு அதே சரக்குதான், பாகும் நான்தான் பாத்தேன்."

ஏதாவது பல்பு மாற்றினீர்களா என்று கேட்டேன்.

"கெழக்கோரம் ஒண்ணு பியூஸ் போச்சுன்னு பையன் வாங்கிட்டு வந்து மாட்டுனான்."

பெட்டி இருக்கிறதா, அதில் என்ன எண் என்று கேட்டேன். கண்ணாடியைத் தேடிப் போட்டுக்கொள்ளும் சத்தம் கேட்டது.

"ஆறு... அஞ்சு... சைபர் சைபர். ஏலே, அந்த ஸ்டூல எடுத்துட்டு வா."

போனை வைக்காமலே போய்விட்டார். ஸ்டூல் தரையில் இழுபடுவது கேட்டது.